பெண்கள் கைக்குப் புத்தகம் வந்த கதை

இந்த மலரில் சேமிப்பு பற்றியும் கடன் பற்றியும் தொழில் பற்றியும் நிறையப் பேர் எழுதுகிறீர்கள். எங்கள் குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிறவள் நான். "நீதான் எப்பப் பார்த்தாலும் எதையாவது படிச்சுக்கிட்டு இருக்கியே, அதைப் பத்தி எழுது" என்று ஊக்குநர் அக்கா சொன்னார்கள். நான் பத்தாவது வரைதான் படித்தவள். இரண்டு பிள்ளைகள், இரண்டு மாடு, வீட்டு வேலை, இதற்கு நடுவில் படிக்கிறவள். என்னைப் போன்ற பெண்கள் கைக்குப் புத்தகம் எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்த வரலாற்றை எழுதுகிறேன்.

முதலில் நம்ம புதுக்கோட்டைக் கதை. மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த அம்மா 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும் காலம் அது. அவர் வீட்டில் இருந்தே பாடம் படித்துத் தேர்வு எழுதினார். மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. மகாராஜா அனுமதி கொடுத்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஒரு பெண் கல்லூரி வாசலைத் தாண்ட ராஜாவே தலையிட வேண்டியிருந்தது. சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு யார் தலையிடுவார்கள்?

அதற்குப் பதில் வை.மு.கோதைநாயகி அம்மாள் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் 1901-ல் பிறந்தவர். ஐந்து வயதிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் கதை கேட்க அவரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்களாம். மனசில் ஒரு நாடகம் முழுசாக உருவாகிவிட்டது, ஆனால் எழுத வராது. பட்டம்மாள் என்ற தோழி உதவிக்கு வந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அப்படி வந்ததுதான் 'இந்திரமோகனா' என்ற நாடகம். பிறகு கோதைநாயகி தானே எழுதப் பழகினார். 1925-ல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை வாங்கி, முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். மொத்தம் 115 நாவல்கள் எழுதினார். இதையெல்லாம் குடும்பம் நடத்திக்கொண்டேதான் செய்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவர் அந்தப் பட்டம்மாள்தான். எழுதத் தெரிந்த ஒருத்தி, தெரியாத ஒருத்திக்குக் கை கொடுத்தார். நம்ம குழுவிலும் அதைத்தானே செய்கிறோம்?

அடுத்தது நூலகம். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி வெளியிட்டார். அதில் ஒன்று, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. அவர் யாரை மனசில் வைத்து எழுதினாரோ, எனக்கென்னவோ வீட்டு வேலைக்கு நடுவில் ஓடிப் போய்ப் புத்தகம் எடுக்கிற பெண்ணுக்காகவே எழுதின மாதிரி இருக்கிறது. அதே 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். படிக்கிறவர்கள் வர முடியாவிட்டால் புத்தகம் அவர்களைத் தேடிப் போகட்டும் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது.

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் இது. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வீட்டு வரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். வீட்டு வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு. அந்தப் பணத்தில்தான் நூலகம் நடக்கிறது. ஆக, நூலகத்தில் இருக்கிற புத்தகம் நம்ம காசில் வாங்கினது. சந்தா கட்டினவள் குழுவில் கணக்குக் கேட்பது போல, நூலகத்துக்குள்ளும் நாம் உரிமையோடு போகலாம்.

எங்கள் அப்பத்தா காலத்தில் ஊரில் டீக்கடைக்குத் தினத்தந்தி வரும். 1942-ல் ஆரம்பித்த பேப்பர் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி எளிய தமிழில் எழுதினார்கள். எத்தனையோ பேர் அதை வைத்துத்தான் படிக்கப் பழகினார்கள். ஆனால் டீக்கடை பெஞ்சில் பொம்பளை உட்கார முடியுமா? பெண்களுக்குக் கிடைத்ததெல்லாம் மளிகைக்கடைப் பொட்டலம் கட்டி வந்த காகிதம்தான். எங்கள் தெருவில் எட்டாவது படித்த ஒரு சித்தி மட்டும் வாரப் பத்திரிகை வாங்குவார்களாம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தொடர்கதை வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, சேர்த்து, ஊசி நூலால் தைத்து வைத்திருந்தார்கள். நான் முதன்முதலில் படித்த நாவல் அப்படித் தைத்த ஒன்றுதான். முதல் இரண்டு வாரமும் கடைசி வாரமும் அதில் இல்லை. முடிவு என்ன ஆனது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

பெரிய மாற்றம் வந்தது 1991-ல். நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல்குவாரியில் கல் உடைக்கிறவர்கள், வயசானவர்கள் எல்லோரும் சாயங்காலம் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் நிறையப் பேர் இளம் பெண்கள். படிப்போடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். பொம்பளை சைக்கிள் விடுவதா என்று கேலி பேசினார்கள். ஆனால் 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள்.

எங்கள் அம்மா அந்த வகுப்பில் படித்தவர்தான். நான் அப்போது கைக்குழந்தை. என்னை மடியில் போட்டுக்கொண்டு எழுதிப் பழகியதாக அம்மா சொல்லும். எழுதப் படிக்க வந்த பிறகு மறந்துவிடக் கூடாது என்று பெரிய எழுத்தில் அச்சடித்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புத்தகங்கள் அவைதான். அரிசிப் பானைக்கு மேலே, பரணில் இருந்தன. அம்மா இன்றைக்கும் வங்கியில் கைநாட்டு வைக்காது. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நிதானமாகத் தன் பெயரை முழுசாக எழுதும். 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 51 பேர். 2011-ல் அது 73 ஆனது. அந்த 51 ஏறியதில் எங்கள் அம்மா மாதிரி ஆட்களின் கையெழுத்தும் சேர்ந்திருக்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். காலை நாலரைக்கு எழுந்தால் பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஏறும் வரை மூச்சுவிட நேரமில்லை. நான் படிப்பது துண்டு துண்டாகத்தான். சோறு கொதிக்கிற நேரம், ரேஷன் கடை வரிசை, மாடு மேய்க்கிற நேரம். ஒரு நாவல் முடிக்க இரண்டு மாதம் ஆகும். "படிச்சு என்ன கலெக்டர் ஆகப்போறியா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். பதில் இங்கே சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தனியார் நிதி நிறுவனம் எங்கள் குழுவுக்குக் கடன் தருவதாக வந்தது. கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை முழுசாகச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். வந்தவருக்கு முகம் சுருங்கியது. முக்கால் மணி நேரம் வாசித்தேன். நாங்கள் கேட்காத இன்சூரன்ஸ் பணம் ஒன்றைக் கடனிலேயே பிடித்துக்கொள்வதாக நாலாவது பக்கத்தில் இருந்தது. பதினாலு பேரும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம். கதைப் புத்தகம் படித்துப் பழகியவளுக்குத்தான் பொடி எழுத்தைப் பொறுமையாகப் படிக்க வரும்.

அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். எங்கள் ஊரிலும் இருக்கிறது. ஆனால் அது திறக்கிற நேரத்தில் நாங்கள் நூறு நாள் வேலையில் இருக்கிறோம். நாங்கள் திரும்பி வரும்போது பூட்டியிருக்கிறது. ஆகவே கூட்டமைப்பு முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, நூலகத்தைச் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைக்கக் கேட்டு கிராம சபையில் தீர்மானம் கொண்டு வர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெட்டி. அதில் இருபது புத்தகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுக்களுக்குள் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். மூன்று, மாதக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடித்ததும் கால் மணி நேரம் யாராவது ஒருத்தி சத்தமாக வாசிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் கேட்கட்டும். அடுத்த மாதம் அவர்களில் ஒருவருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித் தரலாம்.

எங்கள் குழுவில் மூன்றாவதைப் போன தை மாதமே ஆரம்பித்துவிட்டோம். முதல் கூட்டத்தில் நாலு பேர் எழுந்து போனார்கள். போன கூட்டத்தில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கதை பாதியில் நிற்பதால், இந்த மாதம் கூட்டத்தை நாலு நாள் முன்னாடியே வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.