சொத்து கைமாறும் முன்னே

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் தோல் கடனுக்குக் கைமாறுவது சகஜம். சரக்கு போட்டவருக்குப் பணம் பல மாதம் கழித்து வரும், சில சமயம் வராது. வழக்குப் போட்டு டிக்ரி வாங்குவதற்குள், ஆலையில் அடுக்கியிருந்த, பாதி பதப்படுத்திய ‘வெட் புளூ’ தோல் ஒரே இரவில் லாரி ஏறிவிடும்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. வாரிசுகள் தங்கள் சொந்தக் காசில் கடனை அடைக்க வேண்டியதில்லை. இறந்தவரிடமிருந்து தங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. அந்த ஆலையையும் மனையையும் விற்றுவிட்டால்? விற்ற பணத்துக்குக் கணக்குக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. கேட்கும்போது அந்தப் பணம் இருக்க வேண்டுமே!

இந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் கோர்ட் வாசலில் எல்லோரும் ‘ஸ்டே’ என்கிற இடைக்காலத் தடை. 1859ஆம் ஆண்டின் 8ஆம் சட்டம்தான் நம் முதல் உரிமையியல் நடைமுறைத் தொகுப்பு. வழக்கில் சிக்கிய சொத்து அழியவோ கைமாறவோ இருந்தால் தடை போடலாம் என்றது அது. டிக்ரியை ஏமாற்றச் சொத்தை விற்கப் போகிறவரிடம் ஜாமீன் கேட்டு, தராவிட்டால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்யவும் வழி வைத்தது. 1882ஆம் ஆண்டுத் தொகுப்பின் 492ஆம் பிரிவு, கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தை அப்புறப்படுத்தப் பார்ப்பவருக்கும் தடை போடலாம் என்றது. அதுவே 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் 39ஆம் ஆணை, 1(பி) விதி. ஜப்திக்கு 38ஆம் ஆணை, 5ஆம் விதி.

சட்டத்தை எழுதிய இங்கிலாந்திலோ நிலைமை வேறு. 1890இல் லிஸ்டர் – ஸ்டப்ஸ் வழக்கில், முதலாளிக்குத் தெரியாமல் கமிஷன் வாங்கி அதில் நிலம் வாங்கிய ஊழியரைத் தடுக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. கடன் தீர்ப்பாகும் முன் சொத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே பிடிவாதம். அது உடைந்தது 1975இல், மரேவா என்ற கப்பலின் வழக்கில். அந்தக் கப்பலில் உரம் ஏற்றி வர இந்திய அரசு லண்டன் வங்கியில் கட்டிய பணத்தை, கப்பலை எடுத்து வாடகை பாக்கி வைத்த நிறுவனம் வெளியே எடுத்துப் போகாமல் தடுத்தார் நீதிபதி டென்னிங் பிரபு. நம் முனிசீப்புகள் பல பத்தாண்டுகளாகக் கையில் வைத்திருந்த அதிகாரம் அது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் கடன் பாக்கி இருக்கிறது என்பது மட்டும் போதாது. ராமன் டெக் – சோலங்கி டிரேடர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கடுமையான அதிகாரம், ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றிக்கொள்ள அதைப் பயன்படுத்தக் கூடாது. இது நியாயம். ஜப்தி உத்தரவை நிலத்தின் அருகில் தமுக்கடித்து அறிவித்து, வாசலில் நகலை ஒட்ட வேண்டும் என்கிறது 21ஆம் ஆணை, 54ஆம் விதி. ஆம்பூர் போன்ற ஊரில் அந்தச் சத்தம் கேட்டபிறகு அந்த ஆலைக்கு யார் கடனுக்குத் தோல் போடுவார்கள்? வழக்கில் ஜெயித்தாலும் அந்தப் பெயர் திரும்பாது. தடைக்கும் கட்டுப்பாடு உண்டு: எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கொடுத்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும், மனுவை 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்ற திருத்தம் 1976இல் வந்தது.

ஆகவே, சரக்கு போட்டவர்கள் விலைப்பட்டியல், டெலிவரி சலான், எதிர்த்தரப்பு சொத்தை விற்கப் பேசுவதற்கான அத்தாட்சி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கெடு தாண்டினால் வழக்கும் நிற்காது, தடையும் கிடைக்காது.