பெயரேட்டில் இல்லாதவர்

தோட்டத்துக் கிராணியாகிய நாம் நாடோறும் பெரட்டுக் களத்திலே செக்ரோலை ஏந்தி நிற்கின்றோம். வேலைக்கு வந்தோர்க்குப் பெயர் உண்டு. பெயர் உள்ளோர்க்குச் சம்பளம் உண்டு. லயத்தின் பின்னறையில் பிறவி முதல் எழாது கிடப்பவருடைய பெயரோ அதில் ஏறியதில்லை. அவருக்குச் சர்க்கார் கடன்பட்டுள்ளதா? இவ்வினாவிற்கு விடை காண இங்கிலாந்து தேசத்தாருக்கு முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்குமேல் சென்றன. அவ்வரலாறு நாம் அறியத்தக்கது.

1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், முடவர், குருடர், முதியோர் ஆகியோரைக் காக்கும் பொறுப்பை அந்தந்த மாதாகோயில் வட்டாரத்தார்மீது சுமத்தி, அதற்கென வரியும் விதித்தது. 1834ஆம் ஆண்டுச் சட்டமோ, உதவி நாடுவோர் கடுமை நிறைந்த ஏழை விடுதியிற் புகவேண்டும் என்னும் கொள்கையை நாட்டிற்று. உடல் வலியுள்ள சோம்பேறிகளை அச்சுறுத்த எழுந்த விடுதிகளில், பிணியாளரும் முதியோரும் அநாதைகளுமே நிறைந்தனர்.

1920இல் கண்ணிழந்தோர்க்குப் பென்ஷன் வயது எழுபதிலிருந்து ஐம்பதாகக் குறைக்கப்பட்டது. 1948 ஜூலை 5ஆம் நாள் தேசியக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயின், நோயுற்றோர்க்கு அது அளித்த பணம் சந்தா கட்டியவர்க்கே உரியது. சந்தா கட்ட வழியில்லாத பிறவி ஊனருக்கும் இல்லத்தரசிக்கும் அதிற் பங்கில்லை. தேசிய உதவிப் பணமோ குடும்ப வருமானத்தை ஆராய்ந்த பின்னரே கிடைத்தது. கணவன் சம்பாதித்தால் மனைவிக்கு ஒன்றுமில்லை.

இந்நிலையை எதிர்த்து எழுந்தோர் இரு பெண்மணிகள். நரம்புத் தளர்ச்சியைத் தரும் கொடிய நோயால் வாடிய மேகன் டு பாய்சன், பெரிட் மூர் என்னும் அவ்விருவரும் 1965இல் ஊனமுற்றோர் வருமானச் சங்கத்தை நிறுவினர். ஊனம் எவ்வாறு நேர்ந்ததாயினும் வருமானம் உரிமையாதல் வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. 1969இல் டு பாய்சன் அம்மையார் மோட்டார் விபத்தில் மாண்டார், இயக்கம் மாளவில்லை.

1971இல் பிறர் துணையின்றி வாழவியலாதோர்க்குப் பராமரிப்புப் படி வந்தது. 1975இல் சந்தா கேளாத ஊனப் பென்ஷன் பிறந்தது. ஆயினும் மணமான மாதர் அதற்கு 1977வரை காத்திருந்தனர். அப்பொழுதும், வீட்டு வேலை செய்ய இயலாதவர் என அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எந்த ஆடவனிடமும் கேளாத கேள்வி இது! 1984இல் அவ்விதி ஒழிந்தது. அதற்கு ஈடாக வந்த படியோ, இருபது வயதுக்குப்பின் ஊனமுற்ற பலரிடம் எண்பது விழுக்காட்டு ஊனத்திற்குச் சான்று கேட்டது. 2001இல் அப்படியும் புதியவர்க்கு மூடப்பட்டது. பெற்ற உரிமையும் காவாதுவிடின் நழுவும் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த சொக்சோவும் சந்தா கட்டியோரைச் சார்ந்தே பென்ஷன் அளிக்கிறது. ஏனையோர் சமூக நல இலாகாவை நாடவேண்டியவரே. அங்கு ஊனமுற்றோராகப் பதிவு செய்துகொள்ளும் வழி உண்டு. நம்மவரோ "முன்வினை" என்று கூறிப் பிள்ளையைப் பின்னறையில் மறைக்கின்றனர்.

தோழர்களே! செக்ரோலில் இடமில்லாத அப்பெயரை, வெட்கத்தை விட்டு அவ்விலாகாவின் ஏட்டிலேனும் ஏற்றுங்கள். விண்ணப்பம் எழுதித்தர ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கிராணியேனும் முன்வருக.