புள்ளலூரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்

சரித்திரம் பார்க்க நம்மவர்கள் மாமல்லபுரம், செஞ்சி என்று கிளம்புகிறார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போனால், காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் இருக்கிறது. அங்கே யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றது இவ்வூரில்தான். அந்தப் பகைவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. இதைச் சொல்லும் செப்பேடு 1879-இல் காரைக்கால் அருகே காசாக்குடியில் கிடைத்தது. கண்டெடுத்தவர் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

1780 செப்டம்பர் 10 அன்று இதே மண்ணில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, பெய்லி கைதியானார். காஞ்சிபுரத்தில் பெரும்படையுடன் இருந்த மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போரைத் தீட்டியிருக்கிறார்கள். ஹைதர் பக்கம் நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலியும் அதில் உண்டு.

மறு ஆண்டு அங்கேயே நடந்த போரில் மாண்ட இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்குத் தூண்கள் நிற்கின்றன. ஆனால் பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் பெயரைத் தாங்கி ஒரு கல்லும் இல்லை. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.