எவ்வூரில் குடி வைப்பது?

நம் காலனியில் எந்த வீட்டுப் பெரியவரை அணுகி, "தாங்கள் டில்லிக்கு வந்தது எங்ஙனம்?" என்று வினவினாலும், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "உத்தியோகம் கிடைத்தது, வந்தோம்." இவ்விடை பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. உத்தியோகம் ஒருவரை ஒரு நகரத்துக்கு அழைத்து வரும். மனைவியையும் மக்களையும் முதிய பெற்றோரையும் அந்நகருக்கு அழைத்து வந்து அடுப்பு மூட்டுவது வேறொரு முடிவு. முதல் முடிவைச் சம்பளம் செய்தது. இரண்டாம் முடிவைச் செய்தது எது?

இக்கேள்வி பழங்கதை பேசுவதற்காக எழுப்பப்படுவதன்று. நம் பிள்ளைகள் இன்று புனேயா, ஹைதராபாத்தா, பங்களூரா என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றனர். வீட்டு வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் எழுதிப் பார்க்கும் தாளில், நம் முன்னோர் எழுதிப் பார்த்த சில இனங்கள் விடுபட்டிருக்கக் காண்கிறோம். அவற்றை நினைவூட்டுவது நம் கடமை. பெயர் மாறிய நகரங்களை அந்நாளைய பெயர்களாலேயே குறிப்பிடுவோம்.

இவ்வரலாற்றை இருப்புப்பாதையிலிருந்து தொடங்குவதே முறை. 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பங்களூர் தண்டு வரை ரயில் சென்றது. 1871-இல் பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து சென்ற பாதையும் ரெய்ச்சூரில் கைகோத்தன. 1900-இல் கோதாவரியின்மேல் பாலம் திறக்கப்பட்டதும் கல்கத்தா வழி எளிதாயிற்று. டில்லிக்கு மட்டும் நேர்வழி அமையக் காலம் பிடித்தது. காஜிப்பேட்டைக்கும் பல்ஹார்ஷாவுக்கும் இடைப்பட்ட பாதை 1929-இல் முடிந்த பின்னரே அக்குறை நீங்கியது. பங்களூர் சென்னைக்கு ஏறத்தாழ 360 கிலோமீட்டர், பம்பாய் 1,280, கல்கத்தா 1,660, டில்லி 2,180. குடும்பத்தைப் பெயர்க்க எண்ணிய ஒவ்வொருவரும் இத்தொலைவை மனத்தில் வைத்தே எண்ணினர். தந்தையார் உடல்நலமின்றி இருப்பதாகத் தந்தி வந்தால் எத்தனை இரவு கழித்து ஊர் போய்ச் சேரலாம் என்பதே அவர்களுடைய முதற் கணக்கு.

அண்மையிலிருந்த பங்களூர் இக்கணக்கில் முந்தியதில் வியப்பில்லை. 1809-இல் ஆங்கிலேயர் அங்குத் தண்டு அமைத்தபோது, சென்னைப் படையுடன் சிப்பாய்களும், அவர்களுக்குப் பண்டம் விற்ற வணிகரும், கட்டடம் கட்டிய ஒப்பந்தக்காரரும், வீட்டு வேலையாட்களும் சென்றனர். படை ஓரிடத்தில் நிலைத்திருந்தமையால் அதைச் சார்ந்தோரும் அல்சூர் முதலிய பகுதிகளில் நிலைத்தனர். ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்னும் வணிகப் பெருமகனார் 1873-இல் அங்கு ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். பொருள் தேடச் சென்ற ஊரில் ஒருவர் பள்ளி கட்டுகிறார் எனில், அவ்வூரைத் தம் ஊராகக் கொண்டார் என்பதே பொருள்.

அதே மைசூர்ச் சீமையில் வேறொரு குடியேற்றமும் நிகழ்ந்தது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து உழைப்பாளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்குச் சென்றன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் அது. ஆயினும் உழைப்பாளர் வாழ்ந்த வரிசை வீடு கம்பெனியுடையது. அங்கு வாழ்வுக்கு ஆதாரம் சுரங்கம் ஒன்றே. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோர்க்கு ஊர் இருந்தது, பிழைப்பு இல்லை. அவர்களுடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலை ரயிலேறிப் பங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்பலாயினர். ஒரே தொழிலை நம்பிய ஊரில் குடும்பத்தை வைப்பதன் இடர்ப்பாட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கல்கத்தா 1911 வரை இந்தியாவின் தலைநகர். ஆங்கில வணிக நிறுவனங்களின் தலைமையிடம். கணக்கும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ் இளைஞர்க்கு அங்கு வேலை கிடைத்தது. அந்நகரைத் தேர்ந்த தமிழருள் புகழ் மிக்கவர் சர் சி. வி. ராமன். 1907-இல் நிதித்துறை உத்தியோகஸ்தராகத் தம் துணைவியார் லோகசுந்தரி அம்மையாருடன் அவர் கல்கத்தா சென்றார். அங்கு பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைக் கண்டார். அலுவலக நேரம் நீங்கிய பொழுதெல்லாம் அங்கே ஆராய்ச்சியில் கழித்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டு, மீண்டும் கல்கத்தா வந்தார். 1917-இல் மிகுதியான சம்பளம் தந்த அரசாங்கப் பதவியை விடுத்து, குறைந்த ஊதியத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவரை அந்நகருக்குக் கொணர்ந்தது உத்தியோகம். அங்கு நிறுத்தியதோ ஒரு கல்வி நிலையம். 1930-இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 1933-இல் விஞ்ஞானக் கழகத்தின் தலைமையேற்றுப் பங்களூருக்குக் குடிபெயர்ந்தார்.

ஏனைய தமிழ்க் குடும்பங்கள் ராஷ்பிஹாரி அவென்யூ, ஏரிப்பகுதி ஆகிய வட்டாரங்களில் ஒன்றையொன்று அடுத்துக் குடியமர்ந்தன. ஆனால் 1942 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசினர், 1943-இல் பஞ்சம், 1946 ஆகஸ்டில் பெருங்கலவரம். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே மெஸ்ஸில் உண்டு காலங்கழித்தோர் பலர். 1960-களின் பிற்பகுதியில் தொழிற்பூசல்கள் பெருகவே, கம்பெனிகள் சில பம்பாய்க்கும் டில்லிக்கும் தம் தலைமை அலுவலகங்களை மாற்றின. அவற்றோடு குடும்பங்களும் பெயர்ந்தன.

பம்பாயில் தமிழர் குடியமர்ந்த மாதுங்கா ஒரு கொள்ளைநோயின் பயனாக எழுந்த பகுதி. 1896-இல் பிளேக் நோய் நகரை வாட்டியது. நெரிசலைக் குறைக்க 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைக்கப்பட்டது. அது வகுத்த தாதர்-மாதுங்காத் திட்டத்தில் அகன்ற வீதிகளும் காற்றோட்டமான வீடுகளும் தோன்றின. கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு ரயிலில் சென்று திரும்ப வசதியாக இருந்தமையால் தென்னிந்தியக் குமாஸ்தாக் குடும்பங்கள் அங்கு வந்து சேர்ந்தன. 1932-இல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. அதற்கு அருகிலேயே தாராவி. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் அங்குக் குடியேறினர். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடைப்பட்ட தொலைவு சிறிது. வாழ்க்கைக்கு இடைப்பட்ட தொலைவு பெரிது. நம் குடியேற்ற வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விடுவது நேர்மையாகாது.

இனி நாம் வாழும் டில்லி. 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1931 பிப்ரவரியில் புதுடில்லி திறந்து வைக்கப்பட்டது. அக்காலத்தில் அரசாங்கமே ஆண்டுதோறும் கோடையில் சிம்லாவுக்குப் பெயர்ந்து, குளிர்காலத்தில் டில்லிக்கு இறங்கும். அதனோடு குமாஸ்தாக்களும் கோப்புகளும் ஏறி இறங்கினர். இத்தகைய நிலையில் பிள்ளைகளின் படிப்பு என்னாவது? இக்கவலையே 1923-இல் மதராஸி கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தது. பின்னாளில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் எனப் பெயர் பெற்று, இன்று ஏழு பள்ளிகளை நடத்துவது அச்சங்கமே. டில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது 1946-இல். ராமகிருஷ்ணபுரத்து உத்தர சுவாமிமலைக் கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது 1973-இல். இவ்வாண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள், இங்குச் சங்கமும் மலைக்கோயிலும் எழுப்புவதற்கு முன்பே பள்ளியை எழுப்பினர். பக்தி குறைந்தமையால் அன்று. பூசையறையில் ஒரு படம் வைத்து வழிபட இயலும். பிள்ளைக்குப் பள்ளியை வீட்டுக்குள் அமைக்க இயலாது.

இவ்வூர்களின் வரலாற்றை ஒருங்கே நோக்குமிடத்து, குடும்பத்தை அழைத்து வரும் முடிவைச் செய்தவை மூன்று எனத் தெளிகிறது.

முதலாவது, பிள்ளைகளின் பள்ளி. தாய்மொழி அறவே அற்றுப் போகாமல், அவ்வூர் மொழியும் ஆங்கிலமும் கற்கத்தக்க பள்ளி எங்கிருந்ததோ, அங்குக் குடும்பம் துணிந்து வந்தது.

இரண்டாவது, முன்பே சென்று அமர்ந்தவர்கள். ரயிலடிக்கு வந்து அழைத்துச் செல்ல ஒருவர், முதல் மாதம் தங்க ஓர் அறை, நோய் கண்டால் இரவில் கதவைத் தட்ட ஒரு வீடு ஆகியவை இல்லாத நகரில் எவ்வளவு சம்பளம் தந்தாலும் நம்மவர் குடும்பத்தை அழைத்து வரத் தயங்கினர். கரோல்பாக்கில் தமிழர் கூடியதும், மாதுங்காவில் தமிழர் கூடியதும் இதனாலேயே.

மூன்றாவது, இல்லத்தரசியின் நிலை. இதுவே மிகுதியாக மறக்கப்படுவது. கணவர் அலுவலகத்தில் ஆங்கிலத்தைக் கொண்டு காலந்தள்ளினார். காய்கறிக்காரரிடமும் பால்காரரிடமும் அவ்வூர் மொழியில் பேசிப் பழக வேண்டியிருந்தவர் மனைவியே. அவர் தனியே கடைக்குச் சென்று திரும்பவும், மாலையில் அண்டை வீட்டாருடன் பேசி மகிழவும், விரும்பினால் ஆசிரியையாகவோ இசை கற்பிப்பவராகவோ தாமும் பொருளீட்டவும் இடந்தந்த நகரமே குடும்பம் நிலைத்த நகரமாயிற்று. நகரத்தைத் தேர்ந்தவர் கணவர் என்று நாம் எழுதுகிறோம்; அதில் நிலைப்பதா, திரும்புவதா என்பதைத் தேர்ந்தவர் பெரும்பாலும் மனைவியே.

குடியமர்ந்த பின்னும் சோதனை வராமலில்லை. 1966-இல் பம்பாயில் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர்க்கு எதிரான முழக்கம் எழுந்தது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பங்களூரில் தமிழர் தாக்கப்பட்டு, உடைமை இழந்து, பலர் ஊரைவிட்டே ஓடினர். அதே ஆண்டு அல்சூரில் வைக்கப்பட்ட வள்ளுவர் சிலை 2009 வரை திரைக்குள் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அது திறக்கப்பட, கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. ஓர் ஊரில் வாழ்வோர் அவ்வூர் மக்களின் மொழியையும் சான்றோரையும் மதித்துப் போற்றுவது மரியாதை மட்டுமன்று; அண்டை வீட்டாரோடு நம்பிக்கை வளர்வதற்கு அதுவே வித்து.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். இதுகாறும் கூறிய மூன்றையும் எண்ணிப் பார்த்து நகரம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, மாதச் சம்பளம் பெற்றோர்க்கே பெரும்பாலும் கிடைத்தது. நம் டில்லியிலேயே ஜங்புராவை அடுத்துப் பாராபுல்லா கால்வாய்க் கரையில் 'மதராஸி கேம்ப்' என்ற குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழை உழைப்பாளர்கள், சுற்றுப்புறத்து வீடுகளில் சமைத்தும் துலக்கியும் பெருக்கியும் அங்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் பலர் அருகிருந்த தமிழ்ப் பள்ளிக்குச் சென்றுவந்தனர். உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கிருந்தவை ஏறத்தாழ 370 வீடுகள். தகுதியுடையோர் எனக் கண்ட குடும்பங்களுக்கு மட்டும் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அது ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வீடு கிடைத்தோர்க்கும் வேலை செய்த வீடுகள் எட்டாதனவாயின; தமிழ்ப் பள்ளி எட்டாததாயிற்று; அண்டை வீட்டார் பிரிந்தனர். நம் பெரியோர் எந்த மூன்றைக் கண்டு இந்நகரைத் தேர்ந்தனரோ, அம்மூன்றையும் அக்குடும்பங்கள் ஒரே நாளில் இழந்தன. நகரம் என்பது சுவரும் கூரையும் அன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே இளைய தலைமுறையினர்க்கு நாம் கூறுவது இதுவே. சம்பளத்தைக் கணக்கிடுங்கள், வேண்டாமென்று கூறவில்லை. அதன் பக்கத்திலேயே, பிள்ளை எங்குப் படிக்கும், நள்ளிரவில் எவர் கதவைத் தட்டலாம், உங்கள் துணைவியோ துணைவரோ அந்நகரில் தனித்து நடக்கவும் உழைக்கவும் இயலுமா என்ற மூன்று வரிகளையும் எழுதிப் பாருங்கள். ஊரில் உள்ள பெற்றோரிடம் எத்தனை மணியில் போய்ச் சேரலாம் என்பதை நான்காவதாக எழுதுங்கள்.

சங்கத்தாராகிய நமக்கும் இதில் கடமை உண்டு. நாம் வந்திறங்கியபோது ரயிலடியில் ஒருவர் காத்திருந்தார். அவர் வீட்டில் முதல் வேளை உண்டோம். அந்தக் கடனை அவரிடமே திருப்பிச் செலுத்துவது இயலாது. இனி வந்திறங்குவோரிடமே செலுத்த வேண்டும். அவர்கள் கோப்புடன் வந்தாலும் சரி, துடைப்பத்துடன் வந்தாலும் சரி, இரு சாராரையும் அழைத்து அமர்த்தும் இடமாக நம் சங்கம் விளங்குமாயின், குடி வைக்கத் தக்க ஊர் இது என்று பின்வருவோர் தாமே கூறுவர்.