டஸ்கனியின் வெண்சாலைகள்

இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள டஸ்கனி மண்டலத்தில், தார் போடாத சரளைச் சாலைகள் 'ஸ்த்ராதே பியாங்கே' என அழைக்கப்படுகின்றன. 'வெண்சாலைகள்' என்பது இதன் பொருள். சியெனா நகரைச் சுற்றியுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்குகள், திராட்சைத் தோட்டங்கள், காடு அடர்ந்த குன்றுகள் ஆகியவற்றின் ஊடே இவை செல்கின்றன. சரளைச் சாலையில் மிதிவண்டி ஓட்டும் 'கிராவல் பைக்கிங்' இன்று உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. அந்தப் பெயர் பரவலாவதற்கு முன்பே, 1997-இல், இச்சாலைகளைத் தாரிலிருந்து காப்பதற்காக மிதிவண்டிப் பயணம் ஒன்று இங்கே தொடங்கப்பட்டது. உழவர் குடும்பங்கள் வெளியேறியதால் பயனிழந்த சாலைகள், அதன் மூலம் ஒரு நாட்டின் மரபுச் செல்வமாக மதிக்கப்படும் நிலையை அடைந்தன.

நில அமைப்பு

சியெனாவுக்கு வடக்கே கியாந்தி குன்றுகள் உள்ளன. இவற்றின் சரிவுகளில் திராட்சையும் ஆலிவும் பயிராகின்றன. மேட்டுப் பகுதிகளில் ஓக், செஸ்ட்நட் மரக் காடுகள் உள்ளன. கியாந்தியில் மது உற்பத்தி மிகப் பழமையானது. அந்தப் பெயரில் மது தயாரிப்பதற்குரிய நில எல்லைகளை டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ 1716-இலேயே ஆணையிட்டு வரையறுத்தார்.

கியாந்தியில் பிறக்கும் ஆர்பியா ஆறு தெற்கு நோக்கிப் பாய்ந்து, புவோன்கொன்வெந்தோ என்னும் ஊரருகே ஓம்ப்ரோனே ஆற்றில் கலக்கிறது. சியெனாவின் தென்கிழக்கே 'கிரெத்தே செனேசி' எனப்படும் களிமண் மேடுகள் உள்ளன. அங்கு மரங்கள் குறைவு. அதற்கும் தெற்கே ஓர்ச்சா பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. இப்பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2004-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இப்பகுதியின் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பி இறுக்கியதால் சாலைகள் வெண்ணிறம் பெற்றன. கோடையில் புழுதி பறக்கும், மழைக்காலத்தில் சேறாகும்.

வாரக்குடிகள் உருவாக்கிய பாதைகள்

இந்நிலப்பகுதி பழங்காலம் முதலே வழிப்போக்கர்களின் நிலமாக இருந்துள்ளது. இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் 990-ஆம் ஆண்டில் ரோமிலிருந்து திரும்பும்போது, தாம் தங்கிய இடங்களைக் குறித்து வைத்தார். அவர் சென்ற யாத்திரை வழி சியெனா வழியாகவே செல்கிறது. சியெனாவின் நகர் மன்ற மாளிகையில் அம்புரோஜோ லொரென்செத்தி 1338-39-இல் தீட்டிய சுவரோவியங்களில் ஒன்று நல்லாட்சி நிலவும் நாட்டுப்புறத்தைக் காட்டுகிறது. உழுத வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் சுமை விலங்குகளை ஓட்டிச் செல்வோரும் அதில் உள்ளனர். அச்சமின்றிச் செல்லத்தக்க சாலை, நல்லாட்சியின் அடையாளமாக அங்கே காட்டப்பட்டுள்ளது.

ஆனால் இங்குள்ள சிறு பாதைகள் இத்தனை அடர்த்தியாக அமைந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அது 'மெத்சாத்ரியா' எனப்பட்ட பாதி வார முறை. நிலக்கிழார் நிலமும் வீடும் தருவார். உழவர் குடும்பம் உழைக்கும். விளைச்சல் சரிபாதியாகப் பிரிக்கப்படும். இம்முறையில் உழவர்கள் ஊருக்குள் சேர்ந்து வாழவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் பயிரிடும் நிலத்திலேயே, குன்றின் மேல் தனி வீட்டில் வாழ்ந்தது. எனவே ஒவ்வொரு வீட்டையும் நிலக்கிழாரின் களஞ்சியத்தோடும், ஆலையோடும், தேவாலயத்தோடும் இணைக்கத் தனித்தனிப் பாதைகள் தேவைப்பட்டன. இன்று மிதிவண்டி ஓட்டுவோர் வியந்து பார்க்கும் வளைவுகளும் ஏற்றங்களும் அவ்வாறு உருவானவையே. மாட்டு வண்டியும் கழுதையும் சென்ற வழிகள் அவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த வாழ்க்கை குலைந்தது. இளைஞர்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். 1964-இல் இயற்றப்பட்ட சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. குன்றுகளின் மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. முக்கியச் சாலைகளுக்குத் தார் வந்தது; ஆளில்லாத வீடுகளுக்குச் செல்லும் பாதைகளை யாரும் கவனிக்கவில்லை. கேட்பாரற்றுக் கிடந்ததே அப்பாதைகளுக்குப் பாதுகாப்பாயிற்று.

புழுதியில் பிறந்த பந்தயம்

இத்தாலியின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயமான 'ஜிரோ தி இத்தாலியா' 1909-இல் தொடங்கியது. அன்று வீரர்கள் ஓட்டியவை பெரும்பாலும் மண் சாலைகளே. உதிரி டயர்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஞ்சரானால் தாமே சரிசெய்தனர். ஃபிளாரன்ஸ் அருகில் பிறந்த ஜீனோ பார்த்தாலி இத்தகைய சாலைகளில் வளர்ந்தவர். 1936, 1937, 1946 ஆகிய ஆண்டுகளில் ஜிரோவையும், 1938, 1948 ஆகிய ஆண்டுகளில் டூர் தி பிரான்சையும் வென்றார். போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பாற்ற உதவும் போலி அடையாள ஆவணங்களைத் தம் மிதிவண்டியில் மறைத்து எடுத்துச் சென்றார். பயிற்சிக்குச் செல்லும் வீரர் என்ற தோற்றம் அவருக்குத் துணையாக இருந்தது. அவர் மறைந்த பின், 2013-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவருக்கு உயரிய மதிப்பளித்தது.

போருக்குப் பின் பந்தயச் சாலைகள் தாருக்கு மாறின. புழுதி படிந்த முகங்கள் பழைய நிழற்படங்களில் மட்டும் எஞ்சின.

எரோயிக்கா

கியாந்தியில் உள்ள கையோலே என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜான்கார்லோ புரோச்சி, 1997-இல் 'எரோயிக்கா' என்ற பயணத்தைத் தொடங்கினார். 'வீரம் மிக்கது' என்பது இப்பெயரின் பொருள். முதல் ஆண்டில் கலந்துகொண்டவர்கள் 92 பேர். பழைய மிதிவண்டிகளில் பழைய பாணி உடையணிந்து வெண்சாலைகளில் ஓட்டுவதே அதன் முறை. 1987-க்கு முந்தைய பந்தய மிதிவண்டிகளே ஏற்கப்படும். கியர் மாற்றும் கைப்பிடி வண்டிச் சட்டத்தின் சாய்குழாயில் இருக்க வேண்டும். மிதிகளில் கால்வார் இருக்க வேண்டும்.

இது பழமையை வியக்கும் விழாவாக மட்டும் அமையவில்லை. எஞ்சியுள்ள வெண்சாலைகளுக்குத் தார் போடக் கூடாது என்பதே அதன் அடிப்படை நோக்கம். ஒரு சாலையைக் காக்க வேண்டுமானால் அதில் மக்கள் செல்ல வேண்டும் என்ற எளிய கருத்து அதில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே பங்கேற்போர் ஆயிரக்கணக்கில் பெருகினர். 209 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைக்கு நிலையான வழிகாட்டிப் பலகைகள் வைக்கப்பட்டன. இப்போது யாரும் எந்த நாளிலும் அவ்வழியே பயணம் செய்யலாம்.

2007-இல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் இச்சாலைகளில் தொடங்கியது. பின்னர் அது 'ஸ்த்ராதே பியாங்கே' என்றே பெயர் பெற்றது. சியெனாவின் செங்குத்தான கல் பதித்த தெருவில் ஏறி, கம்போ சதுக்கத்தில் அது முடிகிறது. பெண்களுக்கான பந்தயம் 2015 முதல் நடைபெறுகிறது. ஆடவர் பந்தயத்தை மூன்று முறை (2008, 2012, 2016) வென்ற சுவிட்சர்லாந்து வீரர் ஃபாபியன் கான்செல்லாராவின் பெயர் ஒரு சரளைப் பகுதிக்குச் சூட்டப்பட்டுள்ளது. 2018-இல் வீரர்கள் சேற்றில் மூழ்கி வந்தனர். கொரோனாவால் ஆகஸ்ட் மாதத்துக்குத் தள்ளிப்போன 2020 பந்தயத்தில் கடும் வெயிலிலும் புழுதியிலும் ஓட்டினர். சாலையின் இரு முகங்களையும் உலகம் அந்த இரு பந்தயங்களில் கண்டது.

மண்ணா, தாரா?

விருந்தாளிக்கு அழகாகத் தோன்றும் புழுதி, சாலையோர வீட்டில் வாழ்பவருக்குத் தொல்லை. கனமழையில் சரளை அரித்துப் போகும். பள்ளங்களை மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கும் தார்ச் சாலையே வசதி. எனவே பாதுகாப்பு என்பது தாரை மறுப்பதோடு முடிவதில்லை. வடிகாலைத் தூர்வாருவதும், கல் பரப்பிச் சீராக்குவதும், அதற்குப் பணம் ஒதுக்குவதும் அதில் அடங்கும். சுற்றுலாவும் மிதிவண்டிப் பயணமும் கொண்டுவரும் வருமானம் அந்தச் செலவுக்கு ஒரு நியாயத்தைத் தருகிறது. உழவர்கள் விட்டுச் சென்ற வீடுகள் பலவும் இன்று பயணிகள் தங்கும் விடுதிகளாக உள்ளன.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய நெடுந்தொலைவுப் பந்தயம் நவீன கிராவல் பைக்கிங்கிற்குப் பெரும் ஊக்கம் தந்தது. அகன்ற டயரும் வட்டு பிரேக்கும் வளைந்த கைப்பிடியும் கொண்ட தனிவகை மிதிவண்டிகள் உருவாயின. இவ்விளையாட்டின் முதல் உலக வாகையர் போட்டி 2022-இல் இத்தாலியின் வெனேத்தோ மண்டலத்தில் நடந்தது.

டஸ்கனியின் வெண்சாலைகளை இட்டவர்கள் விளையாட்டுக்காக இடவில்லை. பாதி விளைச்சலுக்காக உழைத்த குடும்பங்கள் தானியத்தையும் திராட்சையையும் சுமந்து நடந்த வழிகள் அவை. அக்குடும்பங்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் நடந்த சாலை மட்டும் இன்றும் வெண்மையாக இருக்கிறது.