தீப்பெட்டிப் படத்தில் ஓர் உலகம்

உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலோ, சாமி விளக்கின் அருகிலோ ஒரு தீப்பெட்டி இருக்கும். அதை எடுத்துச் சற்றுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குச்சியை உரச வேண்டாம். இப்போது நமக்கு வேண்டியது நெருப்பல்ல. பெட்டியின் மேலிருக்கும் படம்.

அது என்ன படம்? விலங்கா, பூவா, கப்பலா, தெய்வமா? அதில் எத்தனை மொழிகளின் எழுத்துகள் இருக்கின்றன? பெட்டி எந்த ஊரில் செய்யப்பட்டது? சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று நம் தென்மாவட்டப் பெயர் ஒன்று அதில் இருக்கக் கூடும்.

ஒரு காலத்தில் இந்தப் படங்களைச் சேர்ப்பது நம் ஊர்ச் சிறுவர்களின் பெரும் பொழுதுபோக்கு. டீக்கடை வாசலிலும் பஸ் நிலையத்திலும் கிடக்கும் காலிப் பெட்டிகளைப் பொறுக்கி, மேல்படத்தை நனைத்து உரித்து, நோட்டில் ஒட்டி வைப்பார்கள். எளிதில் கிடைக்காத ஒரு படத்துக்குச் சாதாரணப் படங்கள் பத்து ஈடாகும். வெளியூர் சென்று வரும் மாமாவிடம் பலகாரத்தைவிட அந்த ஊர்த் தீப்பெட்டியையே ஆவலுடன் எதிர்பார்த்தவர்கள் உண்டு.

அது வெறும் விளையாட்டா? இல்லை. பாடப்புத்தகம் சொல்லித் தராத பூகோளத்தையும் வரலாற்றையும் அந்தப் படங்கள் சொல்லித் தந்தன. எப்படி என்று பார்ப்போம்.

கப்பலில் வந்த நெருப்பு

உரசினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக் கடைக்காரர் 1826-ல் கண்டறிந்து, அடுத்த ஆண்டு விற்கத் தொடங்கினார். பின்னர் வந்த குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அது எங்கே உரசினாலும் பற்றிக்கொண்டது. ஆனால் அதன் நச்சு ஆவி தொழிலாளரின் தாடை எலும்பையே அரித்தது. 1888-ல் லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தது உலகத் தொழிலாளர் வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. 1906-ல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்ய ஒப்பந்தம் செய்தன.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'பாதுகாப்புத் தீக்குச்சி'. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்; பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசும்போதுதான் தீ பிறக்கும். சுவீடன் நாட்டில் 1844-ல் உருவான இந்த யோசனையை அந்நாட்டின் யோன்ஷோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் பெரும் தொழிலாக்கினார்கள். சுவீடன் தீப்பெட்டிகள் கப்பலேறி உலகமெங்கும் சென்றன. அவற்றில் பல இந்தியத் துறைமுகங்களிலும் இறங்கின.

ஜப்பான் தீட்டிய இந்தியா

சுவீடனைப் பார்த்துத் தொழில் கற்ற நாடு ஜப்பான். மக்கோட்டோ ஷிமிசு என்பவர் 1875-ல் டோக்கியோவில் தீக்குச்சி செய்யத் தொடங்கினார். விரைவிலேயே கோபே, ஒசாகா நகரங்கள் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் தீப்பெட்டி அனுப்பும் நிலைக்கு உயர்ந்தன. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டு ஐரோப்பியக் கப்பல்கள் குறைந்தபோது, இந்தியச் சந்தை பெரும்பாலும் ஜப்பானின் கைக்கு வந்தது.

இங்கேதான் நமக்கு வேண்டிய வேடிக்கை இருக்கிறது. பெட்டியை வாங்குபவர் இந்தியர்; ஆகவே படம் அவர் மனத்துக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் அல்லவா? லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணர், யானை, புலி என நம் நாட்டு உருவங்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அச்சாகி இங்கே வந்தன. ரவிவர்மாவின் ஓவியங்களைத் தழுவிய தெய்வ உருவங்களும் அவற்றில் உண்டு.

சற்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவையே பார்த்திராத ஓர் ஓவியர், கடலுக்கு அப்பால் உட்கார்ந்து நம் சாமியை வரைகிறார். சில சமயம் அந்தத் தெய்வத்தின் முகச்சாயல் சற்றே கிழக்காசியச் சாயலாக அமைந்துவிடுகிறது. அதே சமயம், ஜப்பானை வரைபடத்தில்கூடக் காட்டத் தெரியாத நம் ஊர்ப் பாட்டி, 'மேட் இன் ஜப்பான்' என்று அச்சிட்ட பெட்டியால் விளக்கேற்றுகிறார். இரண்டு பண்பாடுகள் ஒன்றையொன்று பாராமலே கைகுலுக்கிக்கொண்ட இடம், இரண்டு அங்குலத் தாள்!

கல்கத்தா சென்ற இருவர்

1922-ல் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிகள்மீது கடும் இறக்குமதி வரி விதித்தது. உள்நாட்டில் தீப்பெட்டி செய்தால் ஆதாயம் உண்டு என்ற நிலை பிறந்தது. சுவீடன் நிறுவனமே இந்தியாவில் தொழிற்சாலை வைக்க முடிவு செய்து, 1923-ல் 'விம்கோ' என்று பின்னர் பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கியது.

அதே காலத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் உறவினர்கள். அங்கே தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று, ஊர் திரும்பி, 1923-ல் தொழிலைத் தொடங்கினார்கள். மழை குறைந்த வறண்ட பூமி. விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாத மக்கள். ஈரமில்லாத காற்று குச்சியும் மருந்தும் உலர ஏற்றது. வேலைக்கு ஆட்களும் உண்டு. விம்கோ இயந்திரத்தை நம்பியது. சிவகாசி கைகளை நம்பியது. தீப்பெட்டியை அடுத்து வண்ண மத்தாப்பும் பட்டாசும் வந்தன.

பெட்டிக்குப் படம் வேண்டும் என்பதற்காகவே அச்சுத் தொழிலும் அங்கே வேரூன்றியது. முதலில் லேபிள்கள், பிறகு காலண்டர்கள், நோட்டுப் புத்தகங்கள், பாட நூல்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழிலாலும் சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் கிடைத்தது. பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு என்பார்கள். ஒரு காலத்தில் ஜப்பான் நமக்குப் படம் அச்சிட்டு அனுப்பியது. பிறகு அந்த வேலையை நம் குட்டி ஜப்பானே ஏற்றுக்கொண்டது!

எழுத்தறியாதவரும் படித்த எழுத்து

தீப்பெட்டிக்குப் படம் ஏன் அவ்வளவு முக்கியம்? அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கடைக்குப் போகும் சிறுவன் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டான். 'அணில் மார்க் கொடுங்க', 'கப்பல் மார்க் கொடுங்க' என்பான். படமே பெயர், படமே முத்திரை.

இன்னொரு காரணமும் உண்டு. சிவகாசிப் பெட்டி தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. அது வங்காளத்துக்கும் பஞ்சாபுக்கும் போக வேண்டும். ஒரே பெட்டியில் தமிழ், இந்தி, ஆங்கிலம், உருது என நான்கைந்து மொழிகளை அடுக்கினாலும், எல்லோருக்கும் புரியும் பொதுமொழி படம்தான். எந்த ஊரில் எந்தப் படம் விலைபோகும் என்பதைத் தொழில் நடத்துவோர் அறிந்திருக்க வேண்டும். ஒரு பகுதியில் மங்கலமாகக் கருதப்படும் பறவை இன்னொரு பகுதியில் அபசகுனமாகிவிடலாம் அல்லவா?

இதையே சிவகாசிக் காலண்டரிலும் காணலாம். பிள்ளையார் படமும் மெக்கா படமும் வேளாங்கண்ணி மாதா படமும் ஒரே அச்சகத்தில், சில சமயம் ஒரே நாளில் உருளும். பல மாநிலங்களின் பண்டிகை நாள்களை அங்கே கோத்துத் தாளில் ஏற்றுகிறார்கள். பிற மக்களின் வாழ்க்கையை அறியச் சிறுவர்களுக்கு இதைவிட மலிவான பாடம் ஏது?

படத்தை ஒட்டிய கை

இதுவரை படத்தைப் பார்த்தோம். இனி அதை ஒட்டிய கையையும் பார்க்க வேண்டும். இது இன்பமான பகுதி அன்று. ஆயினும் விட்டுவிட்டால் நம் வரலாறு பாதி வரலாறாகிவிடும்.

தீப்பெட்டித் தொழிற்சாலையை நம் பக்கத்தில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். அங்கே குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக நிறுத்தும் வேலைக்குக் 'கட்டை அடுக்குதல்' என்று பெயர். பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல், குச்சி அடைத்தல் ஆகியவை பிற வேலைகள். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. சின்ன விரல்கள் விரைவாக வேலை செய்யும் என்று சொல்லிப் பல்லாண்டுகள் குழந்தைகளை இவ்வேலைகளில் அமர்த்தினார்கள். விடியுமுன்பே கிராமங்களுக்கு ஆபீஸ் பஸ் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியுடன் ஏறுவார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள். அவர்களில் மிகப் பலர் சிறுமிகள்.

சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு ஒன்றில் இடம்பெற்ற கணக்கைப் பாருங்கள். 1985 டிசம்பர் 31 அன்று சிவகாசிப் பகுதியில் பதிவு பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221. தொழிலாளர் 27,338 பேர். அவர்களில் 2,941 பேர் குழந்தைகள். பதிவு பெறாத இடங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் வேலை செய்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை.

இது நடந்த மண் எது தெரியுமா? ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும் என்று 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய காமராசர் பிறந்த விருதுநகரின் மண். பள்ளிக்கூடம் இருந்தது; மதியச் சோறும் இருந்தது. ஆனால் வறண்ட ஆண்டுகளில் அடுப்பெரியப் பிள்ளையின் கூலியும் வேண்டியிருந்தது. பெற்றோரைக் குறை சொல்லுமுன் இதை நினைக்க வேண்டும்.

ஆக, ஒரு சிறுவன் சென்னையில் உட்கார்ந்து தீப்பெட்டிப் படம் சேர்த்து உலகத்தைக் கற்றான். அதே வயதுச் சிறுமி ஒருத்தி சாத்தூர்ப் பக்கத்தில் அந்தப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் நூற்றுக்கணக்கில் அவள் கையில் புரண்ட அந்த எழுத்துகளை வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த நிலை தானாக மாறவில்லை. 1986-ல் வந்த சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் ஈடுபடுத்தக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு அளித்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கி, வேலையிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடந்தன. 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் வெளிவந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அதைக் குழந்தையின் நலனுக்குச் செலவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016-ல் வந்த திருத்தம், இத்தகைய ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் சேர்க்கக் கூடாது என்றது. இயந்திரங்களும் பெருகின. விடியற்காலை ஆபீஸ் பஸ்ஸில் பிள்ளைகள் போன அந்தக் காட்சி பழங்கதையாயிற்று. ஆனால் வீட்டுத் திண்ணைக்குள் எட்டிப் பார்க்கும் கண் எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

நீங்களும் விளையாடலாம்

தீப்பெட்டிப் படம் சேர்க்கும் கலைக்கு மேலைநாட்டார் 1943-ல் 'ஃபிலுமெனி' என்று பெயர் சூட்டினார்கள். ஒளியின்மீது அன்பு என்பது பொருள். ஜப்பானில் யோஷிசாவா என்பவர் 1925 முதல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். நீங்கள் முப்பது படங்களோடு தொடங்கினால் போதும்.

காலிப் பெட்டிகளை மட்டுமே சேர்க்க வேண்டும். குச்சியோடு விளையாட்டு வேண்டாம். வகுப்பில் ஐந்தாறு பேர் கூடி, சுவரில் ஓர் இந்திய வரைபடத்தை மாட்டி, பெட்டி செய்த ஊர்களைக் குறியுங்கள். ஒவ்வொரு படத்தையும் நான்கு கேள்வி கேளுங்கள். இது யாருக்காக வரையப்பட்டது? இதில் என்னென்ன மொழிகள் இருக்கின்றன? இந்த உருவத்துக்கு அந்த மக்களிடையே என்ன கதை உண்டு? இதைச் செய்தவர்கள் யார்?

முதல் மூன்று கேள்விக்கு ஆசிரியரிடமும் நூலகத்திலும் விடை கிடைக்கும். நான்காவதற்கு வேறிடம் போக வேண்டும். நீங்கள் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளை என்றால், உங்கள் ஆச்சியிடமோ அத்தையிடமோ போய், "நீங்க சின்ன வயசுல தீப்பெட்டி ஆபீஸ் போனீங்களா?" என்று கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடம் அங்கே தொடங்கும். அவர் சொல்வதை அவர் பேசுகிற சொற்களிலேயே நோட்டில் எழுதி, உரிய படத்துக்குக் கீழே ஒட்டுங்கள்.

பிற மக்களின் உடை, உணவு, பண்டிகை ஆகியவற்றைப் படத்தில் பார்த்து மகிழ்வது நல்லதே. ஆனால் படத்தோடு நின்றுவிட்டால் நாம் அறிந்தது மேல் லேபிளை மட்டும்தான். அதை வரைந்த கை, அச்சிட்ட கை, ஒட்டிய கை, கடையில் வாங்கிய கை எல்லாவற்றையும் அறியும்போதுதான் ஒரு பண்பாட்டை அறிந்தவர்கள் ஆவோம்.

இனி அந்தத் தீப்பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். காலியானதும் எறிந்துவிட வேண்டாம். உங்கள் நோட்டின் முதல் பக்கத்துக்கு அது போதும்.