உதவாது என்று ஒதுக்கிய அலைகள்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரம் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லோடு டைனமோவைச் சேர்த்து, அதிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் உழக்க மற்றவர்கள் சுற்றிவர இருந்து தமிழோசையும் வெரித்தாசும் கேட்டோம். உழக்குபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார். முக்கியமான இடத்தில் குரல் தேயும்போது 'உழக்கடா, உழக்கு' என்று எல்லோரும் கத்துவோம்.

மணிலாவில் ஒருவர் பேசுவது எப்படி அந்த முற்றம் வரை வந்தது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. என்ன சொல்கிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை. எப்படி என்ற கேள்வி லண்டனுக்கு வந்து வெகுகாலத்தின் பின், 2003இல், நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனபோதுதான் எழுந்தது. ஏன் போனோம் என்றால், கேட்டது போதும், ஒருமுறையாவது பேசிப் பார்ப்போம் என்ற ஆசைதான். வேறு பெரிய காரணம் இல்லை.

அங்கே நாங்கள் அறிந்த முதல் விசயம், எங்களைச் செய்தியோடு இணைத்து வைத்திருந்த சிற்றலைகள் ஒருகாலத்தில் உதவாதவை என்று ஒதுக்கப்பட்டவை என்பது.

1912 ஏப்ரலில் ரைற்றானிக் கப்பல் மூழ்கியது. அதே ஆண்டில் அமெரிக்கா வானொலிக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. வீட்டுக் கொட்டில்களில் தீப்பொறிக் கருவி வைத்துத் தட்டிக்கொண்டிருந்த பொழுதுபோக்காளர்கள் கடற்படைக்கும் கப்பல்களுக்கும் தொல்லை என்ற முறைப்பாடு அதற்கு முன்பே இருந்தது. அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போகும் என்பது அந்நாளைய விஞ்ஞானம். ஆகவே நீள அலைகளைக் கடற்படையும் பெரிய கொம்பனிகளும் வைத்துக்கொண்டன. 200 மீற்றரும் அதற்குக் குறைவானதும் பொழுதுபோக்காளருக்கு விடப்பட்டன. அவை பக்கத்து ஊருக்கு அப்பால் போகாது, இவர்களும் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. களர்நிலத்தைக் காட்டி 'இதை வைத்துப் பிழைத்துக்கொள்' என்று சொல்வதைப்போல.

அவர்கள் விட்டுவிடவில்லை. 1921 டிசெம்பரில் போல் கொட்லி என்ற அமெரிக்கர் ஸ்கொட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரம் அடித்து, பல நூறு அடி நீளக் கம்பியைத் தாழ்வாக இழுத்துக் கட்டிக்கொண்டு இரவிரவாகக் காதில் கருவியை மாட்டியபடி காத்திருந்தார். அமெரிக்காவின் கனற்றிக்கற் மாநிலத்திலிருந்து சில பொழுதுபோக்காளர்கள் அனுப்பிய செய்தி அவருக்குக் கேட்டது. 1923 நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரத்தில் இருந்த லியோன் டெலோயும் அமெரிக்காவில் இருந்த பிரெட் ஷ்னெல்லும் ஏறத்தாழ 100 மீற்றர் அலையில் அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் இருந்து ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டார்கள். உதவாத அலை கடலைத் தாண்டிவிட்டது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் எங்களை அதிகம் கவர்ந்தது. நாங்கள் குடியிருந்த வடமேற்கு லண்டனில் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் மில்ஹில் என்ற பாடசாலை இருக்கிறது. 1924 ஒக்ரோபர் 18ஆம் திகதி அந்தப் பாடசாலையின் 18 வயது மாணவன் சிசில் கொய்டர், அங்கிருந்த நிலையத்திலிருந்து நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு ஆட்டுப்பண்ணையில் இருந்த பிராங்க் பெல்லுடன் மோர்ஸ் குறிகளில் உரையாடினான். ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். பூமியில் அதைவிடத் தூரம் போக அதிக இடமில்லை. பெல் முதலாம் உலகப்போரில் நோயாளியாகி வீடு திரும்பியவர். பின்னர் அவர் பண்ணையைக் கவனிக்கப் போக, அந்த நிலையத்தை நடத்தியவர் அவரது சகோதரி பிரெண்டா பெல். 1927இல் தென்னாபிரிக்காவுடன் தொடர்புகொண்ட முதல் நியூசிலாந்தர் அவர்தான். இந்த வரலாறுகளில் பெண்களின் பெயர் அருமையாகவே வருகிறது. வந்த இடத்திலாவது சொல்லிவைப்போம்.

கொய்டர் எங்களுக்கு முக்கியமாவது வேறு காரணத்தால். 1936இல் அவர் இந்தியாவுக்குப் போய் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியியலாளர் ஆனார். நகரங்களுக்கு மத்திய அலை, பரந்த நிலப்பரப்புக்குச் சிற்றலை என்று அந்த வலைப்பின்னலை அமைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் வந்தன. பாக்குநீரிணைக்கு இக்கரையில் இருந்த எங்கள் தாய்தகப்பன் தலைமுறை இலங்கை வானொலியோடு எந்த நிலையத்தில் நாதஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்தது என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பள்ளிக்கூடப் பொடியனின் கம்பி எங்கள் வீட்டுத் திண்ணைவரை நீண்டிருக்கிறது!

அதற்கு முன்பே எங்கள் பக்கத்திலும் பொழுதுபோக்காளர்கள் இருந்தார்கள். அதே 1924இல் சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். யூலை 31ஆம் திகதி 40 வாற் வலுவில் ஒலிபரப்பு ஆரம்பமானது. ஒரு சாதாரண மின்குமிழின் வலு. 1927இல் காசில்லாமல் கழகம் நின்றுபோனது; கருவிகளைப் பொறுப்பேற்ற சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் 1923இல் தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து இசைத்தட்டுப் போட்டு ஒலிபரப்பிப் பார்த்தார். கைப்பற்றிய ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் உதிரிப்பாகங்களில் அந்தக் கருவி செய்யப்பட்டது என்று சொல்வார்கள். இலங்கை வானொலியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சிற்றலை ஏன் அவ்வளவு தூரம் போகிறது? வானத்தின் உயரத்தில், ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு மேலே, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படைகள் உண்டு. சிற்றலை அங்கே போய் வளைந்து திரும்பி நிலத்துக்கு வருகிறது. நிலத்தில் பட்டு மீண்டும் மேலே போகிறது. அப்படியொரு படை இருக்கவேண்டும் என்று 1902இலேயே ஊகித்தார்கள். 1924 டிசெம்பரில் எட்வேர்ட் அப்பிள்ரன் அதைப் பரிசோதனையால் காட்டினார். பொழுதுபோக்காளர்கள் பேசிமுடித்த பிறகுதான் விஞ்ஞானம் காரணம் சொன்னது.

எங்கள் கதைக்கு வருவோம். பிரித்தானியாவில் 2002இல் தொடக்கநிலை அனுமதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு கழகத்தின் மண்டபத்தில் வாரஇறுதி வகுப்பு. படிப்பித்தவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்ற முதியவர்கள். சட்டம், பாதுகாப்பு, கொஞ்சம் மின்னியல். மோர்ஸ் அட்டையைப் பார்த்துப் பார்த்து எங்கள் பெயரைத் தட்டிக் காட்டவேண்டும். தமிழ்ப் பெயரின் நீளம் அன்று எங்களுக்குப் பெரும் பாரமாக இருந்தது. வெள்ளைக்காரப் பொடியன் மூன்றெழுத்தில் முடித்துவிட்டு எழும்பிப் போனான்.

அப்போது எங்களுக்கு அனுமதித்த வலு 10 வாற். பழைய சாமான் சந்தையில் கைமாறிய கருவியொன்று வாங்கினோம். ஏரியலை நாங்களே கட்டினோம். 143 என்ற எண்ணை அதிர்வெண்ணின் மெகாஹேர்ட்சால் பிரித்தால் கம்பியின் நீளம் மீற்றரில் வரும். அதை நடுவில் வெட்டி இரண்டு கையாக விரித்துக் கட்டவேண்டும். 14 மெகாஹேர்ட்சுக்குப் பத்து மீற்றர். எங்கள் பின்வளவின் அகலத்துக்கு அது கொள்ளாது. 21 மெகாஹேர்ட்சுக்கு ஏழு மீற்றருக்குக் குறைவு. அதுதான் பொருந்தியது. உடுப்புக்கொடியை ஒத்த ஒரு வெண்கம்பி, அவ்வளவுதான்.

முதல் நாள் மாலை முழுவதும் எல்லோரும் வாத்துப்போலக் கத்தினார்கள். கருவி பழுது என்று முடிவுகட்டி, விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். 10 மெகாஹேர்ட்சுக்கு மேலே மேல் சைட்பாண்ட், கீழே கீழ் சைட்பாண்ட் என்பது வழக்கம். வகுப்பில் எழுதிக்கூட வைத்திருந்தோம். ஒரு பொத்தானை அமத்தியதும் வாத்துகள் இத்தாலியரும் ரஷ்யரும் ஆனார்கள்.

பேசத் தொடங்கியபோது அளவுமானியின் முள் சிவப்பில் போய் நின்றது. அனுப்பும் வலு ஏரியலுக்குப் போகாமல் திரும்பி வருகிறது என்று அதற்கு அர்த்தம். கழகத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். கம்பியைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்க்கவில்லை. நேரே கேபிளின் நுனியில் இருந்த பிளக்கைத் திருகினார். எங்கள் ஈயப்பற்று கையோடு கழன்று வந்தது. ஒன்றும் சொல்லாமல் சூட்டுக்கோலை எங்கள் கையில் தந்தார்.

மூன்றாவது சிக்கல் ஈயத்தால் தீரக்கூடியதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். நாங்கள் பேசும்போது அவருடைய ரி.வி.யில் எங்கள் குரல் கரகரக்கிறதாம். யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆனால் 2001இல் பிரித்தானியா புலிகளைத் தடைசெய்திருந்த காலம். தமிழர் வீட்டில் அனுப்பும் கருவி. எங்களில் ஒருவர் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த மனிதர் பாவம், ஏன் இவன் பதறுகிறான் என்று விளங்காமல் நின்றார். அவருடைய ஏரியல் வயரை ஒரு பெரைற் வளையத்தில் சில சுற்றுச் சுற்றியதும் கரகரப்பு நின்றது. எங்கள் பதற்றம் நிற்கச் சிலகாலம் எடுத்தது.

இந்தப் பதற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. போர் வந்தால் அரசு முதலில் மூடும் வாய்களில் ஒன்று அமெச்சூர் வானொலி. 1914இல் பிரித்தானியாவில் எல்லா நிலையங்களும் மூடப்பட்டன. 1917இலும் 1941இலும் அமெரிக்காவில். 1939இல் மீண்டும் பிரித்தானியாவில் கருவிகளைப் பறித்தார்கள். 1946இல்தான் அனுமதி திரும்பியது. தோற்றுப்போன ஜேர்மனியில் 1949 மார்ச்சில், அந்நாட்டின் அடிப்படைச் சட்டம் வருவதற்கு முன்பே, அமெச்சூர் வானொலிச் சட்டம் வந்துவிட்டது என்பதை அங்கு வாழும் நண்பர்கள் கவனிக்கலாம்.

ஆனால் 1939இல் வாயை மூடிய அதே அரசு அவர்களின் காதை இரகசியமாக வாடகைக்கு எடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொழுதுபோக்காளர்கள் தங்கள் வீட்டு அறைகளில் இருந்து, ஜேர்மன் உளவுத்துறையின் மெல்லிய மோர்ஸ் குறிகளைத் தேடிப்பிடித்து எழுதி, 'பெட்டி இலக்கம் 25, பார்னெற்' என்ற முகவரிக்கு அனுப்பினார்கள். என்ன எழுதுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தாள்களிலிருந்துதான் பிளெச்லி பார்க்கில் உளவாளிகளின் சங்கேதங்களை உடைத்தார்கள். இளவயது ஆண் போருக்குப் போகாமல் இரவில் அறைக்குள் என்ன செய்கிறான் என்று அயலவர் சந்தேகப்பட்டதும் உண்டு. பார்னெற்றும் எங்களுக்குப் பக்கம்தான்.

ஊரில் எங்களுக்கு அந்த வகை மனிதர்களைத் தெரியவே தெரியாது. ரான்ஸ்மிற்றர் என்றால் ஆமியிடம் இருக்கும், இயக்கத்திடம் இருக்கும். சாதாரண சனத்துக்கு உரியது கேட்பது மட்டுமே. எங்களில் ஒருவரின் தாயார் கருவியை முதலில் கண்டபோது கேட்டது, 'உது ஆமிக்குக் கேக்காதோ, தம்பி?'

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு காலை 21 மெகாஹேர்ட்சில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பதில் சொன்னார். எங்கள் பெயரைக் கேட்டதும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, 'வணக்கங்க, நல்லா இருக்கீங்களா?' என்றார். குறியீட்டு மொழியில் பேசக்கூடாது என்பது விதி; தமிழில் பேசலாம். பத்து வாற்றில், உடுப்புக்கொடிக் கம்பியில், ஐந்து நிமிடம் பேசினோம். பேசியது மழையைப் பற்றி.

செய்தி பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த அக்கா ஒருவர் வந்தார். அவரது தம்பி குடும்பம் முல்லைத்தீவில். யுத்தநிறுத்த காலம்தான், ஆனாலும் வன்னிக்கு நினைத்த நேரம் ரெலிபோன் எடுக்க முடியாது. 'உந்தப் பெட்டியாலை அவனுக்கு ஒரு கதை சொல்லேலுமோ?' என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் அனுமதி பெற்ற ஒருவர் இருக்கவேண்டும் என்றோம். இருந்தாலும் மூன்றாம் ஆளுக்காகச் செய்தி கொண்டுபோக எங்களுக்கு அனுமதி இல்லை என்றோம். தபால்துறைகள் தங்கள் வருமானத்தைக் காக்கப் போட்ட பழைய விதி அது என்று விளக்கவும் தொடங்கினோம். அக்கா பொறுமையாகக் கேட்டார். 'அப்ப ஆரெண்டு தெரியாதவனோடை மழையைப் பற்றிக் கதைக்கலாம். என்ரை தம்பியோடை கதைக்கேலாது. உதாலை என்ன பிரியோசனம்?'

உண்மையில் 2003 யூலையில் அனைத்துலக மாநாட்டில் அந்த விதி சற்றுத் தளர்ந்திருந்தது. பேரிடர் நேர்ந்தால் மூன்றாம் ஆளுக்காகச் செய்தி சொல்லலாம். அதே மாநாட்டில்தான் மோர்ஸ் கட்டாயம் என்பதும் போனது. நாங்கள் மோர்ஸைத்தான் கவனித்தோம்.

2004 டிசெம்பர் 26. அந்தமானில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அமெச்சூர் வானொலி இல்லாமல் இருந்து, அம்மாதம்தான் பாரதி பிரசாத் என்ற பெண்ணின் தலைமையில் இந்தியக் குழுவொன்று போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்திருந்தது. உலகெங்கும் பொழுதுபோக்காளர்கள் அந்த அழைப்புக் குறிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் வந்து ரெலிபோன் கம்பிகள் எல்லாம் செத்தபோது, அந்த நிலையம் விளையாட்டை நிறுத்திவிட்டு, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை வெளியே சொல்லத் தொடங்கியது.

அந்த நாட்களில் ஒன்றில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அந்தமான் நிலையம் மங்கலாகக் கேட்டது. நிகோபார் என்ற சொல் கேட்டது. பிறகு அலைவரிசையை மெல்ல மெல்ல மேலும் கீழும் திருப்பினோம். சட்டம் இப்போது இடம் தந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து பேசத்தான் எங்களுக்கு ஒருவரும் கேட்கவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது.

சத்தத்தைக் கூட்டச் சொன்னார் அக்கா. கூட்டினோம்.